மூன்றாம் முறையும் சரிந்த விளிம்பு

தொலைநோக்கிக்காக நான் கையால் தேய்த்து மெருகேற்றும் எட்டங்குல ஆடியின் விளிம்பு மூன்றாம் முறையும் சரிந்துவிட்டது, அதாவது ஓரம் அளவுக்கு மேல் தேய்ந்து தாழ்ந்துவிட்டது. ஆடியின் வடிவத்தை ஒளியால் சரிபார்க்கும் ஃபூக்கோ சோதனையில் கத்திமுனை ஒளியை வெட்டும்போது ஆடியின் இரு ஓரங்களிலும் மயிரிழை போல ஒளிக்கோடு தெரியவேண்டும். எனக்கு வலது ஓரத்தில்தான் தெரிந்தது, இடது ஓரத்தில் இல்லை. எஃப்/6 ஆடி (குவியத் தூரம் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு), நடுப்பள்ளம் 2.1 மி.மீ. கோள வடிவப் பள்ளத்தைப் பரவளையமாக்கக் கழிக்கவேண்டியது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்தக் கணக்கில் ஓரம் சரிவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

குற்றம் கீலில்தான், அதாவது ஆடியை மெருகேற்றும் தட்டில் பூசிய தார் போன்ற பிசினில். மதியம் அறை 33 டிகிரி. நகத்தை வைத்தால் உடனே பள்ளம் விழுகிறது. கீல் இளகினால் ஆடி அதில் அமிழ்கிறது, ஓரத்தில் கீல் பிதுங்கி எழுந்து விளிம்பைத் தின்கிறது. கீலை இறுக்க ரோசின் என்ற மரப்பிசினைச் சேர்த்து மறுபடி உருக்கினேன். இந்த முறை நகத்தைச் சில நொடிகள் அழுத்தினால்தான் தடம் பதிகிறது. கீல் பரப்பிலுள்ள சதுரங்களுக்கு இடையிலான வாய்க்கால்களை ஆழமாக வெட்டினேன், தேய்க்கும்போது தள்ளி இழுக்கும் நீளத்தையும் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடக்கிவிட்டேன். வேலை இனி அதிகாலை நான்கு மணிக்குத்தான்.

ஆடியை மெருகேற்றும் தூளான சீரியம் ஆக்சைடு கிரானைட் மெருகேற்றுபவர்களிடமே கிடைக்கிறது. ஆனால் பொட்டலத்தில் கரட்டுத் துகள் ஒன்று இருந்தாலும் கீறல் விழும். தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு மேல்கலங்கலை மட்டும் எடுங்கள்.

மனம் சோரும்போதெல்லாம் ஜான் டாப்சனை நினைத்துக்கொள்கிறேன். 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 1944-இல் சேர்ந்து, 23 ஆண்டுகள் ராமகிருஷ்ண மரபில் துறவியாக வாழ்ந்தார். கப்பல் சாளரத்தின் பழைய கண்ணாடியைத் தேய்த்துப் பன்னிரண்டங்குல ஆடி செய்தவர் அவர். அதில் நிலவைப் பார்த்ததும், எல்லோரும் இதைப் பார்க்கவேண்டும் என்ற தவிப்பு அவரைப் பற்றிக்கொண்டது. தொலைநோக்கிக்குச் சக்கரம் பூட்டி மடத்துக்கு வெளியே உருட்டிப்போய் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டினார். 1967-இல் மடம் அவரை வெளியேற்றியது. மறு ஆண்டே நண்பர்களுடன் நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கிவிட்டார். கைச்செலவுக்கே வழியில்லாத நிலையிலும் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தன் பெட்டித் தாங்கிக்குக் காப்புரிமை கேட்கவில்லை. 2014 மாட்டுப் பொங்கலன்று, 98 வயதில் மறைந்தார். உலகெங்கும் ஒட்டுப்பலகையில் தொலைநோக்கித் தாங்கி செய்யும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். நான் நிச்சயமாகக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆடி முடியும் முன்பே அந்தப் பெட்டிக்குப் பலகை அறுத்துவிட்டேன். பக்கத் தாங்கிகள் இரண்டும் வட்டமாக வந்துவிட்டன. அடித்தட்டுக்குச் சொரசொரப்பான சன்மைக்கா வாங்கியாயிற்று. அதோடு உரசி வழுக்கவேண்டிய டெஃப்லான் துண்டுகள் மூன்று இன்னும் வரவில்லை. வழவழப்பான சன்மைக்காவை வாங்கிவிடாதீர்கள். டெஃப்லான் அதில் ஒட்டிக்கொண்டு, நகர்த்தும்போது குதிக்கும். குழாய்க்குப் பத்தங்குல பி.வி.சி. தூக்கிப் பார்த்தேன், பாரம் தாங்கவில்லை. காங்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாயைத்தான் டாப்சன் பயன்படுத்தினார். இங்கே அது கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாளை விடியலில் இருபது நிமிடம் மட்டும் தேய்த்து, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி கத்திமுனையில் வைக்கிறேன். முதலில் பார்க்கப்போவது அந்த இடது ஓரத்தைத்தான்.