பள்ளத்து மண்ணில் குரோமியம் தேடுகிறவர்களுக்கு

ஜியாலஜி முதுகலை புராஜெக்டுக்கு ஓடைப்படிவு (பள்ளத்தில், அதாவது ஓடையில், படிந்த மண்) மாதிரி எடுக்கிறீர்களா? வைவாவில் "ஏன் அந்த இடத்தில் அள்ளினாய்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லாவிட்டால் ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமாக அளந்திருந்தாலும் பயனில்லை.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியையே பாருங்கள். அனார்த்தசைட் என்னும் வெளிர்நிறப் பாறைக்குள் குரோமைட் (குரோமியம் உள்ள கறுப்புக் கனிமம்) அடுக்குகள் ஓடுகின்றன. மற்றப் பாறை மக்கிப் போனாலும் குரோமைட் எளிதில் மக்காது. கனமான மணலாகப் பள்ளத்தில் இறங்கிவிடும். தேட வேண்டியது சின்னப் பள்ளங்களில்தான். ஒரு கணக்குப் போடுவோம். 0.1 சதுர கி.மீ. பரப்பில் 5000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5000 பங்கு) குரோமியம், மீதி நிலத்தில் 200 என்று வைத்தால், 2 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பின் வாயில் 440 வரும். நீர்ப்பிடிப்பு 10 சதுர கி.மீ. ஆனால் வெறும் 248. அதைச் சுற்றுவட்டார அளவிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

இடம் பார்க்கும்போது தடுப்பணைகளைக் கவனியுங்கள். கொங்கில் அவை இல்லாத பள்ளம் அரிது. அணைக்குக் கீழே அள்ளினால், மேலிருந்து வர வேண்டிய கனமணல் அணையிலேயே நின்றிருக்கும். ரோட்டுப் பாலத்துக்கு 50 மீட்டராவது மேற்புறம் போய்விடுங்கள்; ஜல்லியும் சிமெண்டும் கலந்துவிடும். கரை இடிந்து சரிந்த மண்ணையும் தொடாதீர்கள். ஈரோட்டுப் பக்கம் தோல் பதனிடும் கழிவிலும் குரோமியம் உண்டு. சந்தேகம் வந்தால் மண்ணைத் தட்டில் அலசி, காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டை நீக்கி, மிஞ்சும் கறுப்பு மணிகளை லென்ஸில் பாருங்கள். கழிவிலிருந்து வந்த குரோமியம் மணியாக நிற்காது.

30 மீட்டர் நீளத்துக்குள் ஐந்தாறு இடத்தில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு அள்ளிக் கலந்தால் இரண்டு கிலோ போதும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். நிழலில் உலர்த்தி, 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 80 கண்) நைலான் சல்லடையில் சலியுங்கள். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் மண்ணில் சேர்க்கும். கட்டிகளை மரக்கட்டையால் மெதுவாக உதிர்த்தால் போதும். ஓங்கி இடித்தால் சுக்கான் கல்லும் பொடியாகி, சுண்ணாம்பு ஏறி, தேடும் தனிமத்தின் அளவு நீர்த்துப்போகும். இருபதுக்கு ஒன்றாவது அதே இடத்தில் இரட்டை மாதிரி எடுத்து, வேறு எண் போட்டு அனுப்புங்கள்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது கரைக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) குரோமைட் சரியாகக் கரையாது. நல்ல மாதிரிகூட வெறும் மண்போல அளவு காட்டும். சோடியம் பெராக்சைடோடு உருக்கிக் கரைக்கச் சொல்லுங்கள், அல்லது கரைக்காமலே எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கேளுங்கள்.