நீக்கச் சொல்லி வரும் கடிதம்

புதிய மதங்களைப் பற்றிய கட்டுரைகளைச் சரிபார்க்கும் வேலையில், அமெரிக்காவில் தோன்றிய சயின்டாலஜி என்ற மதம் தனி ரகம். அங்கே போதனை படிப்படியாகத்தான் கிடைக்கும். 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஜீனு என்ற விண்வெளி அரசனின் கதை, 'ஓ.டி. 3' என்ற உயர்நிலைக்கு வந்தவருக்கு மட்டும். அதற்குள் பல வருடப் பயிற்சியும் பெருந்தொகையும் போயிருக்கும். இணையத் தேடலுக்கோ படிகள் கிடையாது, கடைசிப் பாடத்தை முதல் பக்கத்திலேயே காட்டிவிடும். கதை விசித்திரமானது என்பதால் மட்டும் பெயர் கெடவில்லை. வெளியாளுக்கு விசித்திரமாகப் படாத மதக்கதை எது? பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்கள் என்பது தெரிந்ததில்தான் சேதம்.

1993இல் அந்தப் பாடங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வழக்கின் ஆவணங்களோடு நீதிமன்றத்தில் தாக்கலாயின. சயின்டாலஜி சபையினர் தினமும் போய் அந்த ஆவணக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் இருக்கும்வரை அடுத்தவருக்குக் கிடைக்காது. காகிதத்துக்கு அந்த உபாயம் போதுமானதாக இருந்தது. 1995 ஜனவரியில் சபையின் வழக்கறிஞர், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையில் சயின்டாலஜி பற்றி இயங்கிய விவாதக் குழுவையே அழிக்கும்படி ஒரு கட்டளைச் செய்தி அனுப்பினார். பெரும்பாலான சர்வர் நிர்வாகிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எட்டிப் பார்க்க வந்த கூட்டம்தான் பெருகியது. பாடங்களும் அதே ஆண்டு இணையத்துக்கு வந்துவிட்டன.

சரிபார்ப்பவருக்கு இதில் ஒரு லாபம். வெளியான பிரதி அசலா போலியா என்பதுதான் முதல் கேள்வி. சபை பதிப்புரிமை கோரி, நீக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினால், 'இது எங்களுடையது' என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. ஆனால் கடிதத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும்: எந்தப் பக்கம், எந்தப் படைப்பு, கையெழுத்து யாருடையது. ஒரு புகைப்படத்துக்கு உரிமை கோரியிருப்பதை வைத்து, பக்கத்திலிருக்கும் குற்றச்சாட்டும் உண்மை என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கடிதம் சபையிடமிருந்துதான் வந்தது என்பதும் நிச்சயமில்லை. 2008 செப்டம்பரில் சபையை விமர்சித்த யூடியூப் காணொளிகளுக்கு எதிராக 12 மணி நேரத்தில் நீக்கச் சொல்லி 4,000க்கும் மேற்பட்ட நோட்டீஸ்கள் போயின. அனுப்பிய பெயருக்குப் பின்னால் யார் என்பது அப்போதே புதிராக இருந்தது.

2002 மார்ச்சில் நார்வேக்காரர் ஒருவரின் விமர்சனத் தளப் பக்கங்களைச் சபையின் பதிப்புரிமைப் புகாரால் கூகுள் தன் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு கிளம்பவே முகப்புப் பக்கம் சில நாட்களில் திரும்பியது. அதன்பின் கூகுள் இத்தகைய கடிதங்களைப் பொதுக் காப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கியது. தேடி எடுக்க நமக்கு அது வசதி.

எண்ணிக்கையில் கவனம் தேவை. சபை லட்சக்கணக்கில் சொல்லும். 2008இல் அமெரிக்க மத அடையாள ஆய்வு மதிப்பிட்டது சுமார் 25,000 பேர். முதலாவது உலகக் கணக்கு, இரண்டாவது அமெரிக்கப் பெரியவர்கள் தாமே சொன்னது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மோதவிட்டால் தலைப்பு பிரமாதமாக வரும், கணக்கு பிசகும்.

சபையை விட்டு விலகியவர்களின் வாக்குமூலத்தில் கண்டதையும் கேட்டதையும் பிரித்து, எந்த வருடம் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்று குறிக்க வேண்டும். விக்கிப்பீடியாவைத் தொட்டால் திருத்த வரலாற்றையும் திறக்க வேண்டும். 2009 மே மாதம் அதன் நடுவர் குழு சபையின் இணைய இணைப்பு (ஐ.பி.) முகவரிகளிலிருந்து திருத்தம் செய்யத் தடை போட்டது; அதே தீர்ப்பில் சபையை எதிர்த்து எழுதிய சிலருக்கும் அந்தத் தலைப்பைத் தொடத் தடை விழுந்தது.