தாயம் விழாத சலிப்பு: நாலு புளியங்கொட்டையும் ஒரு இரவல் விதியும்

தாயக்கட்டத்தில் முதல் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் சலிப்பு ஒருவழியாக ஒழிந்தது. கட்டம், மலை (காயை வெட்ட முடியாத கட்டம்), வெட்டு எதிலும் கை வைக்கவில்லை. மாற்றியது உருட்டும் பொருளை மட்டும்தான்.

0, 1, 2, 3 போட்ட இரண்டு கட்டைகளில் 16 சேர்க்கை. காய் இறங்கத் தேவையான தாயம், அதாவது கூட்டுத்தொகை 1, அதில் இரண்டு. இரண்டிலும் 0 விழுந்தால் 12. 5, 6, 12-க்குக் கிடைக்கும் மறு ஆட்டத்தையும் சேர்த்தால் சுற்றுக்கு ஆறில் ஒரு வாய்ப்பு. ஆறு சுற்று முடிந்தும் மூன்றில் ஒருவர் வெளியேதான் இருப்பார். மூன்றாவது கட்டையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், தாயம் 64-க்கு 3 ஆகச் சுருங்கிவிடும். ஐந்துக்கும் காய் இறக்கலாம் என்று வைத்தால் சராசரிக் காத்திருப்பு 3.5 சுற்றாகிறது. ஆனால் தாயம் விழும்போது எழுகிற கூச்சல் செத்துவிடுகிறது. அந்தக் கூச்சலை இழக்க எனக்கு மனமில்லை.

ஒரு பக்கம் தேய்த்த நாலு புளியங்கொட்டை அதே 3.5-ஐத் தருகிறது, கூச்சலையும் விட்டுவைக்கிறது. ஒரு வெள்ளை தாயம், நாலும் வெள்ளை 4, நாலும் கறுப்பு 8. இந்த மூன்று வீச்சுக்கும் மறு ஆட்டம். மறு ஆட்ட வாய்ப்பு கட்டையில் இருந்த அதே 16-க்கு 6.

உயிர்நாடி தேய்ப்பதில்தான். பலரும் கொட்டை பாதியாகும்வரை தேய்க்கிறார்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல் என்றானதும் அது ஒருபக்கமாகவே விழப் பழகிவிடும். தோல் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். சொரசொரப்பான சிமெண்டுத் தரை, சில சொட்டுத் தண்ணீர் போதும். ஒரே பருமனுள்ள கொட்டைகளாகப் பொறுக்குங்கள், வளைந்தவை வேண்டாம்.

பிறகு நாலையும் 100 முறை போட்டு வெள்ளையை எண்ணுங்கள். 180-க்கும் 220-க்கும் நடுவே வந்தால் சரி. 240 வந்தால் தாயம் 15%-க்கு இறங்கி, காத்திருப்பு 5.5 சுற்றாகிவிடும். 160 வந்தால் தாயம் 35%, காத்திருப்பு 2.4 சுற்று, ஆனால் 8 விழுவது இரட்டிப்பாகும். சிறுவர்கள் ஆட இந்தச் சாய்ந்த கொட்டைகளையே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பாயில் எண்ணிவிட்டுத் தரையில் ஆடாதீர்கள், கணக்கு மாறிவிடும்.

ஒரு பக்கவிளைவு: கட்டையில் ஒரு வீச்சின் சராசரி 3.75 கட்டம், கொட்டையில் 2.5. ஆட்டம் ஒன்றரை மடங்கு நீளும். ஆறு காய்க்குப் பதில் நாலு வைத்தால் நேரம் ஏறக்குறைய சரியாகிறது.



இப்போது கையில் இருப்பது இரவல் விதி. காய் இறங்காதவருக்கு வீணாகும் 2, 3 வீச்சுகளால் அவர் அடுத்தவர் காயை முன்னே தள்ளலாம். மலையில் பத்திரமாக இருந்தவரைத் திறந்த கட்டத்துக்குத் தள்ளி, பின்னால் வருபவருக்கு இரையாக்குவதில் இருக்கும் குறும்பு நான் ஆடிய தாயத்தில் இதுவரை இல்லாதது. மூன்று தடை போட்டாயிற்று: இரவலால் வெட்டக் கூடாது, அடுத்தடுத்து ஒரே காயைத் தள்ளக் கூடாது, பழுக்கப் போகும், அதாவது சுற்றை முடிக்கப் போகும், காயைத் தொடக் கூடாது.

அடுத்து இதே கொட்டையை ஆடு புலி ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம். எத்தனை வெள்ளையோ, அத்தனை ஆடு ஒரே முறையில் இறங்கும். 15 ஆடும் ஏழெட்டு முறையில் களத்தில் நிற்கும். மூன்று புலிக்கு அது மூச்சு முட்டுமா என்று பார்க்க வேண்டும். அதற்குமுன் இரவலில் ஓர் ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கிறது: நாலு பேர் ஆட்டத்தில் இருவர் கூட்டுச் சேர்ந்து, வேண்டியவர் காயை மாறிமாறித் தள்ளிவிடுகிறார்கள். தள்ளும் காயையும் கொட்டையே தீர்மானிக்கும்படி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.