ஒரு குழாய்க்குப் பணம் வாங்கிய கதை

கடலூர் மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன நகராட்சியில் நான் கணக்குப் பிரிவு. குடிநீர்த் திட்டம் என்றால் அது பொறியாளர் பிரிவு பார்த்துக்கொள்ளும், பில் வந்தால் சரிபார்த்துச் செக் எழுதுவதோடு நம் வேலை முடிந்தது என்றுதான் பதினெட்டு வருடம் இருந்தேன். 2021 அக்டோபரில் நகரங்களின் குடிநீருக்கான மத்திய அரசுத் திட்டமான அம்ருத் 2.0 தொடங்கியது. சின்ன ஊர்களும் திட்ட அறிக்கை அனுப்பலாம் என்றார்கள். எங்கள் பொறியாளர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "மேடம், பழைய கணக்கெல்லாம் உங்ககிட்டதான இருக்கு, கொஞ்சம் கூட உக்காருங்க" என்று கேட்டார். அப்படித்தான் இதற்குள் வந்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. இதே வேலையில் இப்போது இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தண்ணீர் பற்றி. கடலோரத்தில் இருந்த இரண்டு ஆழ்துளைக் கிணறுகளில் வருடத்துக்கு வருடம் உப்பு ஏறியது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது தர நிர்ணயம். எங்களுடையது அந்த மேல் வரம்பையும் தாண்டியதால் இரண்டையும் மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்தது தென்பெண்ணை ஆற்றோரக் கிணறுகள். அங்கிருந்து ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு மூன்றரை கிலோமீட்டர். நடுவில் ஓடுவது 1970களில் போட்ட 200 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புக் குழாய்.

திட்ட அறிக்கை என்றதும் எல்லோரும் முதலில் மதிப்பீட்டைத்தான் எடுப்பார்கள். எங்களுக்கு அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருந்தது. நம்மிடம் இப்போது என்ன இருக்கிறது? சொத்துப் பதிவேட்டைத் திறந்தேன். மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு வரி. பம்புக்கு ஒரு வரி, அதுவும் எப்போதோ ஏலம் விட்ட பம்ப். குழாய்க்கு "நீருந்து குழாய், 1 எண்ணம்" என்று எழுதியிருந்தது. மூன்றரை கிலோமீட்டர் குழாய் ஒரு எண்ணம்! எங்கே வால்வு இருக்கிறது, எங்கே உடைந்து மாற்றினோம், எதுவும் கிடையாது.

பம்ப் ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டேன். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு. எதுவும் பேசாமல் பம்ப் ஹவுஸ் அலமாரியிலிருந்து பள்ளிக்கூட நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். அட்டை போட்டு, மஞ்சள் பொட்டு வைத்து, பதினாறு நோட்டு. தினமும் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், ஆம்பியர், பிரஷர். அலுவலகப் பதிவேடு தனியாக உண்டு. அதில் எல்லா நாளும் ஒரே எண்தான். இந்த நோட்டு அவர் தனக்காக எழுதியது.

"2008ல தொட்டி ரொம்பறதுக்கு பதினோரு மணி நேரம்மா. இப்ப பதினேழு ஆவுது. தொட்டி அதேதான், மோட்டாரும் புதுசுதான் போட்டாங்க. நான் சொன்னா யாரு கேக்கறாங்க" என்றார்.

அடுத்த வாரமே வண்டிக்கார மேட்டுக்குப் பக்கத்தில் குழாய் உடைந்தது. வெட்டி எடுத்த துண்டை ஃபிட்டர் தம்பி அலுவலகத்துக்கே தூக்கி வந்துவிட்டார். உள்ளே முழுக்கத் துரு கட்டி, கரடுமுரடாக, ஈரம் காயாமல், கருவாட்டுக் கூடை மாதிரி ஒரு வாடை. என் மகளுடைய ஸ்கேலை வைத்து அளந்தேன். 200 இருக்க வேண்டிய வாய் 140 மில்லிமீட்டராக இருந்தது. பொறியாளர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். குழாய் வாய் இவ்வளவு குறுகினால், அதே தண்ணீரைத் தள்ள உராய்வு ஐந்தரை மடங்குக்கும் மேலே போகுமாம். பதினேழு மணி நேரத்துக்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பதினைந்து வருடமாக மின்வாரியத்துக்கு நான் எழுதிய செக்கில் ஒரு பகுதி அந்தத் துருவுக்குப் போயிருக்கிறது.

இதைப் படிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் உங்கள் பம்ப் ஆபரேட்டரிடம் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னால் எங்கள் கோப்பு, திட்ட அறிக்கையைச் சரிபார்க்கும் ஆய்வுக்குழுவில் நின்றபோது எங்களைக் காப்பாற்றியது அந்தப் பதினாறு நோட்டுதான்.

மக்கள்தொகைக் கணிப்பில் ஒரு மாதம் போனது. குழாய்க்கு 30 வருடம், மோட்டாருக்கு 15 வருடம், சேமிப்புத் தொட்டிக்கு 15 வருடம் என்று வடிவமைப்புக் காலம் மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டில் இருக்கிறது. 15 வருடம், 30 வருடம் கழித்து ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்ல, இன்றைக்கு எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011 எண்ணை வைத்து மூன்று முறையில் நீட்டிப் பார்த்தோம், மூன்றும் மூன்று விடை. வீட்டு வரிக் கணக்கையும் புதிய மின் இணைப்புகளையும் ஒப்பிட்டு நடுவில் ஒன்றை எடுத்தோம். ஆளுக்கு 135 லிட்டர், கசிவுக்கு 15 விழுக்காடு. 15 வருடம் கழித்து நாளுக்கு 30 லட்சம் லிட்டர் என்று வந்தது.

பெரிய சண்டை குழாயின் விட்டத்தில்தான்.

முதல் மதிப்பீட்டில் பழைய குழாய்க்குப் பதிலாக அதே 200 மில்லிமீட்டரில் டி.ஐ. குழாய் (எளிதில் உடையாத ஒரு வகை வார்ப்பிரும்பு) போட்டிருந்தார்கள். செலவு குறைவு, அனுமதி சுலபம் என்பது நியாயம். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சார், 250 போட்டா கரண்டு பில் எவ்வளவு குறையும்?" அவர் அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 30 லட்சம் லிட்டரைப் பதினாறு மணி நேரத்தில் மூன்றரை கிலோமீட்டர் தள்ளினால், 200இல் உராய்வு மட்டும் 42 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம். 250இல் அது 14 மீட்டர். விட்டம் கால் பங்கு கூடினால் உராய்வு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. அந்த 28 மீட்டர் வித்தியாசம், பம்ப் திறன் 60 விழுக்காடு என்று வைத்தால், நாளுக்குச் சுமார் 380 யூனிட். வருடத்துக்கு 1.39 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலே 11 லட்சம் ரூபாய். கூடுதல் குழாய்ச் செலவு 35 லட்சம். முதல் சில வருடங்கள் ஓட்டம் குறைவு, அதனால் மிச்சமும் குறைவு. அதைக் கழித்தாலும் ஐந்தாறு வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். குழாய் கிடக்கப்போவது 30 வருடம்.

ஆனால் இந்த மிச்சம் திட்ட அறிக்கையின் எந்தப் பத்தியிலும் வராது. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊருக்குத் திட்டச் செலவில் பாதி மத்திய அரசு தந்தது, மீதியை மாநில அரசும் நாங்களும் போட வேண்டியிருந்தது. எல்லாம் குழாய் போடுகிற நாள் வரைக்கும்தான். கரண்டு பில் அதற்கு மறுநாள் தொடங்குகிறது, அது முழுக்க எங்கள் தலையில். மானியம் தருகிறவருக்கு மலிவான குழாய் லாபம், பில் கட்டுகிறவருக்குப் பெரிய குழாய் லாபம். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் காட்டாவிட்டால் எப்போதும் மலிவான குழாய்தான் ஜெயிக்கும். நான் அந்தத் தாளைத் தயார் செய்தேன். இடது பக்கம் கட்டுமானச் செலவு, வலது பக்கம் 30 வருட மின்சாரம், பராமரிப்பு, 15ஆவது வருடம் மோட்டார் மாற்றுச் செலவு.

கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. ஒருமுறை, 250 எதற்கு என்று. இன்னொரு முறை, ஜெனரேட்டர் எதற்கு என்று. இரண்டாவது கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது நான் இதே ஊரில் இருந்தேன். மின்கம்பமெல்லாம் சாய்ந்து நாள் கணக்கில் கரண்டு இல்லை. ஆறு நிறைய தண்ணீர், தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. குடம் பத்து ரூபாய்க்கு விற்றார்கள். கைக்குழந்தையோடு நானும் வரிசையில் நின்றேன். பதில் கடிதத்தில் இதையெல்லாம் எழுத முடியாது. அந்த நாட்களில் வாடகை ஜெனரேட்டருக்கும் லாரித் தண்ணீருக்கும் நாங்கள் கொடுத்த பில்களின் நகலை வைத்தேன். மூன்றாம் முறை, நோட்டுகளின் நகல், வெட்டிய குழாயின் படம், 30 வருடத் தாள் எல்லாவற்றையும் இணைத்துப் பொறியாளரே நேரில் போனார். 250க்கும் ஜெனரேட்டருக்கும் சேர்த்தே ஒப்புதல் வந்தது.

நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, இரண்டு உறை டெண்டர், இதெல்லாம் வழக்கம்போலத்தான். நேரம் ஆகும், அவ்வளவுதான். பணம் வரும் விதத்தை மட்டும் சொல்கிறேன். அம்ருத் 2.0 விதிப்படி மத்தியப் பங்கு 20, 40, 40 விழுக்காடு என்று மூன்று தவணை. முதல் 20இல் ஒப்பந்ததாரர் குழாயை இறக்கியதுமே பெரிய பில் வந்துவிடும். அடுத்த 40 வர முந்தையதைச் செலவழித்ததற்குச் சான்று போக வேண்டும். நடுவில் உள்ள இடைவெளிக்கு நம் பங்கைக் கையில் வைத்திருப்பதுதான் வழி. எங்கள் பங்கில் ஒரு பகுதியைக் கடனாகவும் மீதியைக் குடிநீர் நிதியிலிருந்தும் எடுத்தோம். எந்த மாதம் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்ததால் பில் தேங்கவில்லை.

நகர்மன்றத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாதக் கட்டணத்தோடு 7 ரூபாய் சேர்த்து வாங்கி, அதைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். மோட்டார், பேனல் போர்டு (மோட்டாரை இயக்கும் மின்பலகை), வால்வு மாற்ற மட்டும் அந்தப் பணம். ஒரு மூத்த உறுப்பினர் எழுந்தார். "ஏம்மா, கவர்மெண்டு காசுல குழாய் வருது. அதுக்கு எதுக்கு சனங்ககிட்ட புடுங்கணும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் கரும்பலகையில் எழுதினேன். மோட்டார் தொகுதி 30 லட்சம். ஆயுள் 15 வருடம். வருடத்துக்கு 2 லட்சம். இணைப்பு 4,800. வீட்டுக்கு மாதம் மூன்றரை ரூபாய். 15 வருடத்தில் விலை இரட்டிப்பானால் 7 ரூபாய். "இது வாங்கலன்னா 15 வருஷம் கழிச்சு நீங்களோ உங்க பிள்ளையோ இதே மன்றத்துல நின்னு 60 லட்சத்துக்கு யார்கிட்ட கை ஏந்தறதுன்னு கேக்கணும் அய்யா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு அவரே சொன்னார், பழைய வீராணம் குழாய் பற்றி. அந்தத் திட்டம் பாதியில் நின்றபோது சாலையோரம் வருடக்கணக்கில் கிடந்த ராட்சதக் குழாய்களை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். குடும்பம் குடும்பமாக அதற்குள் குடியிருந்தார்கள். சென்னைக்கு வீராணத் தண்ணீர் போனது 2004இல், வேறு புதுத் திட்டத்தில். "எங்கப்பா அந்தக் குழாய எறக்கற வேலை பாத்தாரு. தண்ணி வராத குழாய்க்கு அவரு கூலி வாங்குனாரு. சரி, எழுதிக்கோங்க, 7 ரூபாய்" என்றார். தீர்மானம் நிறைவேறியது. இரண்டு பேர் எதிர்த்தார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறது.

வேலை நடக்கும்போது ஒரு பாடம் கிடைத்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆற்றோரப் பம்ப் ஹவுஸில் பேனல் போர்டு வைக்கும் மேடையின் உயரத்தை 2021 நவம்பர் வெள்ளம் சுவரில் விட்ட கறையை வைத்து முடிவு செய்திருந்தோம். அதற்கு மேல் அரை மீட்டர் என்றால் போதும் என்று நானும்தான் கையெழுத்துப் போட்டேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். பெண்ணையாறு அந்தக் கறையைத் தாண்டி, மேடையையும் தாண்டியது. நல்லவேளை, பேனல் இன்னும் பெட்டிக்குள் ஊரில் இருந்தது. மேடையை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்த்தினோம். கூடுதல் செலவைத் திட்டத்தில் கேட்டால் திருத்திய மதிப்பீடு, மறுபடி குழு, மறுபடி ஆறு மாதம். மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 30 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு ஒதுக்கியது, அதிலிருந்து எடுத்தோம். இப்படி எதிர்பாராத செலவுக்கு அந்தத் தலைப்பில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் குழாயில் தண்ணீர் விட்ட அன்று ஓய்வு பெற்ற ஆபரேட்டர் அண்ணனையும் கூப்பிட்டிருந்தோம். மாலை ஏழு மணிக்கு மோட்டார் போட்டார்கள். பிரஷர் முள் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, புதிதாக வந்திருக்கும் பையனிடம் அட்டை போட்ட நோட்டு ஒன்றை நீட்டி, "நேரம் எழுதுப்பா மொதல்ல" என்றார்.

7 ரூபாய்க் கணக்கில் முதல் காலாண்டுக்கு வர வேண்டியது 1,00,800. வந்தது 74 ஆயிரத்துச் சொச்சம். பாக்கி வைத்திருக்கிற தெருக்களின் பட்டியலோடு நாளைக் காலை வரி வசூலரோடு நானும் போகிறேன்.