முதல் மீட்டர்: பீப் சத்தம் முதலில், பட்டன்கள் அப்புறம்

அக்கா மகன் இந்த வருடம் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) சேர்ந்திருக்கிறான். போன வாரம் ஃபோன் செய்து, "மாமா, மல்டிமீட்டர் வாங்கணும், டெம்பரேச்சர், ஃப்ரீக்வென்சி எல்லாம் இருக்கிற மாதிரி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கிடவா?" என்றான். கொஞ்சம் பொறுடா என்று நிறுத்திவிட்டு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அர்டுயினோ, ஈஎஸ்பி32 மாதிரி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சின்னச் சின்ன பவர் சப்ளை என்று வீட்டு மேஜையில் செய்து பழகுகிறவர்களுக்கு இது.

என் முதல் மீட்டர் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்டில் 200 சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய மஞ்சள் மீட்டர். ரொம்ப நாள் நன்றாகவே உழைத்தது. ஒரு சனிக்கிழமை 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி போட்டு ஒரு சப்ளை செய்தேன், மீட்டர் 5.6 காட்டியது. ஐசியை மாற்றினேன், 5.6. கெப்பாசிட்டர்களை மாற்றினேன், வேறு கடையில் இன்னொரு 7805 வாங்கி வந்து போட்டேன், ஞாயிறு சாயங்காலம் வரை அதே 5.6, கடைசியில் நண்பனின் மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்தால் 5.02. சர்க்யூட்டில் ஒரு கோளாறும் இல்லை, என் மீட்டரின் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. அந்த வகை மீட்டரில் உள்ளே இருக்கும் சிப், ஒப்பிட்டுப் பார்க்கும் வோல்டேஜையே அந்தப் பேட்டரியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே போகும்போது அந்த அளவும் இறங்கும், ரீடிங் ஏறும். சுருங்கிப்போன டேப்பால் அளந்தால் துணி நீளமாகத் தெரியுமே, அதுதான். அன்றிலிருந்து எந்த மீட்டரைக் கையில் எடுத்தாலும் பேட்டரி குறைந்தால் தெளிவாகக் காட்டுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்தது பஸ்ஸர். நாம் மீட்டரை அதிகம் பயன்படுத்துவது கன்டினியூட்டி (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று) பார்க்கத்தான், வோல்ட் பார்க்கக்கூட அல்ல. சால்டர் பிடித்திருக்கிறதா, பக்கத்துப் பின்னோடு ஒட்டிவிட்டதா, ஜம்பர் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறதா, எல்லாம் பீப்பில்தான் தெரியும். கடையில் நாபை பஸ்ஸரில் வைத்து இரண்டு புரோப் முனையையும் வேகமாக உரசிப் பாருங்கள். தொட்ட கணத்தில் கத்தி, விட்ட கணத்தில் நிற்க வேண்டும். சில மீட்டரில் தொட்டு அரை நொடி கழித்துத்தான் சத்தம் வரும், அதை வைத்துக்கொண்டு 40 பின் கனெக்டரில் புரோப்பை இழுத்துக்கொண்டே போய் ஷார்ட் தேட முடியாது.

இன்புட் இம்பீடன்ஸ், அதாவது அளக்கும்போது மீட்டரே சர்க்யூட்டுக்குக் கொடுக்கும் ரெசிஸ்டன்ஸ், அதைப் பற்றிக் கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு 9 வோல்ட் பேட்டரிக்குக் குறுக்கே இரண்டு 1 மெக் (10 லட்சம் ஓம்) ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு நடுப்புள்ளியை அளந்தால் 4.5 வர வேண்டும். 10 மெக் இம்பீடன்ஸ் உள்ள மீட்டர் 4.29 காட்டும். மலிவு மீட்டர்கள் சிலவற்றில் 1 மெக்தான், அது 3 வோல்ட் காட்டும்! மீட்டரே சர்க்யூட்டில் இன்னொரு ரெசிஸ்டராக உட்கார்ந்துகொள்வதால் வருகிற வித்தியாசம் இது. சென்சார், பேட்டரி வோல்டேஜ் டிவைடர் என்று பெரிய ரெசிஸ்டர் வைத்து வேலை செய்தால் 10 மெக் கட்டாயம்.

கரண்ட் ரேஞ்சில் மைக்ரோஆம்ப் வேண்டும். ஈஎஸ்பி32 சிப் டீப் ஸ்லீப் என்ற தூக்க நிலையில் 10 மைக்ரோஆம்ப் அளவுக்கு இறங்கும், அதைப் பார்க்க முடியாவிட்டால் பேட்டரி எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட வழியில்லை. ஆனால் அதே சிப் விழித்து வைஃபை போட்டால் 200 மில்லிஆம்புக்கு மேல் இழுக்கும். மீட்டரின் மைக்ரோஆம்ப் ரேஞ்சில் 100 ஓம் இருந்தால் அவ்வளவு கரண்ட் அதன் வழியாக வரவே வராது, போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், நீங்கள் கோடில் தப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்லீப்புக்குப் போகும் வரை மீட்டரின் இரண்டு முனையையும் ஒரு ஒயரால் ஷார்ட் செய்துவைத்து, அப்புறம் எடுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். பல மலிவு மீட்டரில் 10 ஆம்ப் ஓட்டைக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இல்லை என்று அச்சடித்தே இருக்கும். கரண்ட் பார்த்துவிட்டு சிவப்பு லீடை (புரோப் ஒயரை) அங்கேயே மறந்துவிட்டு வீட்டு பிளக் பாயிண்டில் குத்தினால் 230 வோல்ட் நேராக ஷார்ட், கையில் பிடித்திருப்பதே வெடிக்கலாம். மெயின்ஸைத் தொடுவதாக இருந்தால் மணல் நிரப்பிய செராமிக் ஃப்யூஸ், தடித்த இன்சுலேஷன் உள்ள லீட், பிளக் பாயிண்டுக்குக் குறைந்தது கேட் 2 (திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தாங்கும் பாதுகாப்புத் தரம்), மெயின் போர்டுக்கு கேட் 3, இவை இருந்தே ஆக வேண்டும். மேலே கேட் 3 என்று அச்சடித்துவிட்டு உள்ளே சின்னக் கண்ணாடி ஃப்யூஸ் வைத்திருந்தால் அந்த எழுத்தை நான் நம்பமாட்டேன். ஃப்ளூக் 101 மாதிரி ஒன்று மெயின்ஸ் பார்க்க நல்ல மீட்டர், ஆனால் அதில் கரண்ட் அளக்கும் வசதியே கிடையாது, நம் மேஜைக்கு அது மட்டும் போதாது.

கவுன்ட், அதாவது மீட்டர் அளவை எத்தனை படிகளாகப் பிரித்துக் காட்டும் என்ற விஷயம் எளிது. 2000 கவுன்ட் மீட்டர் லித்தியம் செல்லை 4.19 என்று காட்டும், 6000 கவுன்ட் 4.193 என்று காட்டும். கடைசி இலக்கம் தெரிவதால் அது சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை, அக்யூரசி அரை சதவீதம் என்றால் 4.2 வோல்ட்டில் 21 மில்லிவோல்ட் முன்பின் போகும். ட்ரூ ஆர்எம்எஸ் (ஒழுங்கற்ற ஏசி அலையையும் சரியாக அளப்பது) இருந்தால் நல்லது, டிசி வேலைக்கு அவசரமில்லை. டெம்பரேச்சர், ட்ரான்சிஸ்டர் சாக்கெட் இதெல்லாம் நான் வருடத்துக்கு ஒரு தடவை தொட்டால் அதிகம். அந்தக் காசுக்கு நல்ல சிலிகோன் லீட் வாங்கலாம், குளிரில் விறைக்காது, மேஜையில் சுருண்டு நிற்காது.

வருகிற சனிக்கிழமை அவனும் நானும் ரிச்சி ஸ்ட்ரீட் போகிறோம். பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு 1 மெக் ரெசிஸ்டர், ஒரு வெள்ளை எல்இடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எல்இடி எதற்கு என்று கேட்டான். டயோட் மோடில் வைத்தால் சில மீட்டர் வெள்ளை எல்இடியை எரியவைக்கும், சிலதுக்கு அதை எரிக்கத் தேவையான 3 வோல்ட் அளவு வராது, கடையிலேயே பார்த்துவிடலாம்.