உரித்தெடுக்கும் கோட்டிங்: தடிமனும் ஓரமும்

இயந்திரத்தின் பெயின்ட்டைக் காக்க அதன் மேல் ஸ்ப்ரே அடித்த தற்காலிகப் படலம், வேலை முடிந்த பிறகு வாழையிலை அகலத்துக்கு முழுசாகக் கழன்று வர வேண்டும். அப்படி வராமல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி, துணுக்குத் துணுக்காக எடுக்க நேர்ந்தால், அரை நாளில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும். சுரண்டுகிற அவசரத்தில் அடியில் இருக்கும் பெயின்ட்டும் கீறல் விழும். எதைக் காப்பாற்ற அடித்தோமோ அதையே நாம் கெடுத்ததாகிவிடும். இப்படி ஆகும்போது பெரும்பாலும் சரக்கைத்தான், அதாவது படலமாக அடிக்கும் திரவத்தைத்தான், குறை சொல்வார்கள். ஆனால் பல இடங்களில் தவறு இரண்டே விஷயங்களில்தான் இருக்கும்: படலம் மெலிந்து போயிருக்கும், அல்லது ஓரம் சரியாக முடிக்கப்பட்டிருக்காது.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்? படலம் பரப்பில் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பது தடிமனால் பெரிதாக மாறாது. ஆனால் படலத்தின் கிழியாத வலு தடிமனோடு கூடிக்கொண்டே போகும். 50 மைக்ரானில் (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிடிப்பு ஜெயிக்கும், படலம் கிழியும். 200 மைக்ரானில் படலம் ஜெயிக்கும், பரப்பு விட்டுக்கொடுக்கும். சாதாரண பெயின்ட் அடித்துப் பழகிய கை, பழக்கத்தில் மெல்லியதாக ஓட்டிவிட்டு நிறம் மூடியதும் நிறுத்திவிடும். நிறம் மூடியதை வைத்து இதில் முடிவெடுக்கவே கூடாது. காய்ந்த நிலையில் 150 முதல் 250 மைக்ரான் என்பதுதான் நாங்கள் குறி வைக்கும் அளவு.

இதை அடிக்கும்போதே அளந்துவிடலாம். சீப்பு வடிவில் பற்கள் உள்ள ஈரத் தடிமன் அளவி ஒன்று போதும். சரக்கின் தகவல் தாளில் கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அது 40 சதவீதம் என்றால், 500 மைக்ரான் ஈரப் படலம் காய்ந்ததும் 200 மைக்ரான் ஆகும். எடைச் சதவீதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அது வேறு எண். எவ்வளவு சரக்கு வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். 1 லிட்டர் சரக்கு 500 மைக்ரான் ஈரத்தில் 2 சதுர மீட்டர் மூடும். 10 சதுர மீட்டர் உள்ள இயந்திரத்துக்குக் கணக்குப்படி 5 லிட்டர். காற்றில் போவது, ஹோஸில் தங்குவது எல்லாம் சேர்த்து 30 சதவீதம் வீண் என்று வைத்தால் 7 லிட்டருக்கு மேல் கையில் இருக்க வேண்டும். நடுவில் சரக்கு தீர்ந்து, கடைசிப் பக்கத்தை மிச்சம் பிடித்து மெலிதாக அடிப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

சரக்கில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. அக்ரிலிக் அல்லது லேடெக்ஸ் கலந்த, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட நீர்வழிச் சரக்கு ஒன்று, கரைப்பானில் கரைந்த வினைல் இன்னொன்று. கட்டடத்துக்குள் நிற்கும் இயந்திரத்துக்கு முதலில் நீர்வழிச் சரக்கையே யோசிப்போம். வாடை குறைவு, அடிக்கும்போது தீப்பிடிக்கும் ஆபத்தும் மிகக் குறைவு. ஆனால் அதற்குச் சில பகைகள் உண்டு. பெயின்ட் இல்லாத இரும்பில் நேரடியாகப் பட்டால், காய்வதற்குள்ளேயே செம்பழுப்புத் துரு பூத்துவிடும். அம்மோனியா சேர்த்த இயற்கை ரப்பர் லேடெக்ஸ் செம்பு, பித்தளைப் பாகங்களைக் கறுக்க வைக்கும். கரைப்பான் வினைல் வெளியிலும் ஈரத்திலும் நன்றாகத் தாங்கும், ஆனால் பாலிகார்பனேட், அக்ரிலிக் ஜன்னல்களில் பட்டால் அவை பனி படர்ந்தது போல மங்கி, நுண்விரிசல் விடும். அது திரும்பாத சேதம். இயந்திரக் கதவில் இருப்பது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் வினைலைத் திறக்கவே வேண்டாம்.

எதன் மேல் அடிக்கக் கூடாது என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். துளையுள்ள பரப்பு எதுவும் உரியாது: மரம், துணி, நுரை, பூச்சில்லாத கான்கிரீட், சொரசொரப்பாக மணல் பீச்சிய இரும்பு. படலம் பள்ளங்களுக்குள் வேர் பிடித்துவிடும். புதிதாக அடித்த பெயின்ட்டும் ஆபத்தானதுதான். தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் இறுகியிருக்காது. பெயின்ட் முழுதாக இறுக எத்தனை நாள் என்று அதன் தாளில் பார்த்து, அது கழிந்த பிறகே படலம். அவசரப்பட்டால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்தே வரும். இயந்திரம் ஓடும் வழுக்குப் பரப்புகள், ஸ்பிண்டில், திருகுத் தண்டு ஆகியவற்றுக்குத் துருத்தடுப்பு கிரீஸும் துருத்தடுப்புத் தாளும்தான் சரி. அவற்றைத் தனியாகச் சுற்றிக் கட்டிவிட்டு, சுற்றியிருக்கும் உடம்புக்கு மட்டும் ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.

சோதனைத் துண்டு அடிக்காமல் பெரிய வேலையைத் தொடங்குவதில்லை. இயந்திரத்தின் பின்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், ஓரடிக்கு ஓரடி முழுத் தடிமனில் அடித்து, குறைந்தது 24 மணி நேரம் விட்டு உரித்துப் பார்க்க வேண்டும். 3 நாள் விட முடிந்தால் இன்னும் நம்பலாம். பிடிப்பு அதிகமாகத் தெரிந்தால், பெயின்ட் பரப்பில் சாதாரண மெழுகு பாலிஷை மெலிதாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். சிலிக்கோன் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். அது படலத்தில் மீன்கண் போல வட்டக் குழிகளை உண்டாக்கும். பின்னாளில் அந்த இடத்துக்குப் பெயின்ட் டச்-அப் செய்யவும் விடாது.

கழுவும் வேலை எளிது, ஆனால் இரண்டு முறை செய்ய வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர் அல்லது மென்மையான டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி), பிறகு நல்ல தண்ணீரில் துடைப்பு, கடைசியில் உலர்ந்த பஞ்சில்லாத துணி. எண்ணெய் தங்கிய இடத்தில் படலம் கொப்புளமாக நிற்கும், தூசி தங்கிய இடத்தில் சொரசொரப்பாக இறுகும்.

அடுத்து மாஸ்கிங், அதாவது சரக்கு படக் கூடாத இடங்களை டேப்பாலும் தாளாலும் மூடுவது. மொத்த வேலையில் பாதி நேரம் இதற்கே போகும், போக வேண்டும். மோட்டார் குளிர்விப்பு வாய்கள், கியர்பெட்டியின் மூச்சுத் துளை, எண்ணெய் அளவுக் கண்ணாடி, லிமிட் சுவிட்ச், சென்சார் முகங்கள், கேபிள் கிளாண்டுகள், ரப்பர் சீல்கள், அவசர நிறுத்த பட்டன், பெயர்ப் பலகை ஆகிய எல்லாம் மூடப்பட வேண்டும். அலென் போல்ட் தலைகளை மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அந்த அறுகோணக் குழிக்குள் சரக்கு இறங்கி, அடைப்பான் போலக் காய்ந்து நிற்கும். உரிக்கும்போது படலம் போய்விடும், குழிக்குள் இருக்கும் உருண்டை மட்டும் கழுத்தில் அறுந்து அங்கேயே தங்கும். பிறகு ஒவ்வொரு போல்ட்டாக ஊசியால் நோண்ட வேண்டியதுதான். போல்ட் தலை அளவுக்கு வட்டமாக வெட்டிய டேப் துண்டுகளை முன்கூட்டியே ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இனி ஓரம். ஸ்ப்ரே கன்னிலிருந்து விசிறிபோல விரிந்து வரும் தூவல், அந்த விசிறியின் விளிம்பில் எப்போதும் மெலிதாகவே படியும். படலத்தின் முடிவை அந்த மெலிந்த தூவலிலேயே விட்டுவிட்டால், உரிக்கத் தொடங்கவே பிடி கிடைக்காது. ஓரம் செங்குத்தாக, முழுத் தடிமனோடு நிற்க வேண்டும். அதற்கு எல்லைக்கோட்டில் டேப் ஒட்டி, அதற்கு வெளியே தாளும் கட்டி, ஒவ்வொரு வீச்சையும் தாளின் மேல் தொடங்கித் தாளின் மேலேயே முடிக்க வேண்டும். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை அதன் மேலேயே மடக்கி, சாய்வாக, நிதானமாக இழுத்தெடுக்க வேண்டும். காய விட்டு இழுத்தால் டேப்போடு படலமும் கிழிந்து வரும். காய்ந்தேவிட்டால் பிளேடால் கீறத்தான் வேண்டியிருக்கும், பிளேடு அடியில் உள்ள பெயின்ட்டையும் கீறும். கூடவே, இயந்திரத்தின் ஒவ்வொரு தனிப் பரப்புக்கும் ஒரு மூலையில், ஒரு முனை மடித்த டேப் துண்டைப் படலத்துக்கு அடியில் வருமாறு விட்டுவிடுங்கள். உரிக்கும் நாளில் அதுதான் கைப்பிடி. வெளி விளிம்புகளுக்கு முழுப் பரப்புக்கு முன்பாக ஒரு தனிக் கோட் அடிப்பதும் அவசியம். கூர்மையான விளிம்பிலிருந்து ஈரச் சரக்கு தானாகவே பின்வாங்கி மெலிந்துவிடும்.

வானிலையைப் பார்க்க வெப்பமானியும் ஈரப்பத அளவியும் வேண்டும். பரப்பின் சூடு பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். 28 டிகிரி காற்று, 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி 24 டிகிரிக்குச் சற்று மேல். அப்போது பரப்பு 27 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். காலையில் காற்று சீக்கிரம் சூடாகும், ஆனால் டன் கணக்கில் எடையுள்ள வார்ப்பிரும்பு இரவுக் குளிரையே பிடித்துக்கொண்டு நிற்கும். தொட்டால் சில்லென்று இருக்கும் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கலாம். மதியம் வரை பொறுத்திருப்பது நல்லது. வெயிலில் காய்ந்து சுடும் தகட்டிலும் அடிக்கக் கூடாது. மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிய ஆவி ஊசித்துளைகளாக வெடித்து வெளியேறும்.

பரப்பு பெரிதென்றால் ஏர்லெஸ் (காற்று கலக்காமல் பம்பின் உயர் அழுத்தத்திலேயே சரக்கைப் பீச்சுவது), சிறியதென்றால் அழுத்தத் தொட்டி வைத்த எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றோடு தூவுவது). ஏர்லெஸ் கன்னின் முனையில் மாட்டும் டிப்பில் 517 என்று இருந்தால், முதல் எண்ணை இரட்டித்தால் ஓரடி தூரத்தில் விசிறி அகலம் 10 அங்குலம், அடுத்த இரண்டு எண்கள் துளை 0.017 அங்குலம் என்று பொருள். இந்த வகைச் சரக்குக்கு 15 முதல் 21 வரையிலான துளைகள் பெரும்பாலும் பொருந்தும், தகவல் தாள் சொல்வதே முடிவு. அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, விசிறியின் இரண்டு ஓரத்திலும் தெரியும் வால் மறையும் வரை மட்டும் ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் தூவல் எகிறும், காற்று கலந்து குமிழி வரும். எச்விஎல்பியில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத நாசில் வேண்டும். வாடிக்கையான 1.3-இல் இந்தச் சரக்கு இறங்காது. இறங்க வைக்க நீர்த்தால் தடிமன் கிடைக்காது.

சரக்கைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கிளறி, வலையில் வடிகட்டி, குமிழி அடங்கும் வரை விட வேண்டும். முதல் கோட் மெலிதாக, பரப்பைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும். அது தொடும்போது ஒட்டாத பதத்துக்கு வந்ததும் கனமான கோட், ஒவ்வொன்றும் 200 முதல் 250 மைக்ரான் ஈரத்தில். செங்குத்துப் பரப்பில் ஒரே கோட்டில் அதற்கு மேல் ஏற்றினால் திரைபோல வழியும். ஸ்ப்ரே கன்னை, ஏர்லெஸ் என்றால் 30 செ.மீ., எச்விஎல்பி என்றால் 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். அடுத்த கோட்டைக் குறுக்காக அடித்தால் விடுபட்ட கோடுகள் அடைபடும். நிறம் கலக்க முடிகிற சரக்கென்றால் கடைசிக் கோட்டை வேறு நிறத்தில் அடியுங்கள். எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

வினைல் அடிக்கும்போது சில சமயம் துளிகளுக்குப் பதில் சிலந்தி நூல் போல இழை இழையாக வரும். கரைப்பான் காற்றிலேயே பறந்துவிடுகிறது, அல்லது சரக்கு கெட்டியாக இருக்கிறது என்று பொருள். நமக்கு அது கோளாறு, ஆனால் வேண்டுமென்றே அந்த இழையைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை ஓரம் கட்டிய கப்பல்களில், பீரங்கிகளைச் சுற்றி இப்படி வலைபோலப் பின்னி, அதன் மேல் பிளாஸ்டிக் படலம் அடித்துக் கூடு கட்டினார்கள். பட்டுப்புழுக் கூட்டின் பெயரையே அந்த முறைக்கும் வைத்தார்கள். இடைவெளியைத் தாண்டி மூட வேண்டிய இடத்தில் இந்த வழி இன்றும் பயன்படும்.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏர்லெஸ் டிப்பிலிருந்து வரும் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளிபோலத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவு. ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது, விரலையே இழக்க நேரிடலாம். அடைப்பு எடுக்கும் முன் பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, கன் பூட்டைப் போட வேண்டும். வினைல் என்றால் ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி, காற்றோட்டம், கன்னுக்கும் இயந்திரத்துக்கும் எர்த், சுற்றிலும் தீப்பொறி இல்லாமை ஆகிய நான்கும் கட்டாயம். நீர்வழிச் சரக்கென்றாலும் தூவல் நுரையீரலுக்குப் போகாமல் துகள் முகமூடி வேண்டும்.

முழுதாகக் காய 24 மணி நேரம் விடுங்கள். அதற்குள் பாலித்தீன் போர்த்தினால் ஈரம் மாட்டிக்கொண்டு படலம் மென்மையாகவே கிடக்கும். தகவல் தாளில் எத்தனை மாதம் தாங்கும் என்று இருக்கிறதோ, அந்தத் தேதியை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம். வெயில் பட்ட படலம் மொடமொடப்பாகி, மாதம் போகப் போகப் பிடியை இறுக்கும்.

உரிக்கும்போது மடித்த டேப்பைத் தூக்கி, படலத்தைத் தன் மேலேயே திரும்பி மடங்கும்படி, தாழ்வாக, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கிழியும். குளிர்ந்திருந்தாலோ பழசாகி மொடமொடத்திருந்தாலோ, ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி இளகும். மெலிந்து போய்க் கிழிகிற பகுதியைச் சுரண்டாதீர்கள். அதே சரக்கை அதன் மேலேயே இன்னும் இரண்டு கோட் அடித்து, காய விட்டு, சேர்த்து உரித்தால் பெரும்பாலும் பழையதும் புதியதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இடுக்குகளில் மிஞ்சும் துணுக்குகளை, பேக்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு விரலில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுக்கலாம்.