ஒடிலோ மாஸ்டரும் இரண்டாம் திகதியும்

பழைய மாணவர் மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ‘விடுதி வாழ்வின் இனிய நினைவுகள்’. இனிமைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போன மலரில் கிரிக்கெட் மட்டுமே பதினொரு பக்கம். நான் எங்கள் சரித்திர ஆசிரியர் ஒடிலோ மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன்.

கடந்த ஒக்டோபர் கடைசிக் கிழமை அவர் காலமானார். தொண்ணூற்றிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் அடக்கம் பின்னேரம் மூன்று மணிக்கு என்றால் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் விடிய ஐந்தரை. மனைவியை எழுப்பாமல் குசினிக்குள் இருந்து, கைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்து, யூடியூப்பில் பார்த்தேன். படம் நடுநடுவே நின்று நின்று வந்தது. மழை. குடைகள். மாரி தொடங்கிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒடிலோ அவருடைய பெயர் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் அவருடைய முழுப் பெயரை அறிந்தவர்களும் நம்மில் இருப்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்தது எங்களுக்கு முந்திய செற். காரணம், ஒக்டோபர் 31 அன்றைய சரித்திர பாடம்.

அன்றைக்கு அவர் புத்தகம் கொண்டுவர மாட்டார். வெண்கட்டியும் எடுக்க மாட்டார். மேசை விளிம்பில் இருந்துகொண்டு, “பிள்ளையள், நாளைக்குத் திருநாள். நாளையிண்டைக்குத் திருநாள் இல்லை” என்று தொடங்குவார். நவம்பர் 1 சகல அர்ச்சிஷ்டவர்கள் (புனிதர்கள்) திருநாள். அது பரலோகம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. நவம்பர் 2 இன்னும் போய்ச் சேராதவர்களுக்கு, பாவக் கடன் தீர உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு. ஊரெல்லாம் அதை ஆத்துமாக்கள் திருநாள் என்று சொன்னாலும் மாஸ்டர் விடமாட்டார். “கலண்டரைப் பாருங்கோ, நினைவு எண்டுதான் போட்டிருக்கும். முதலாந் திகதி கொண்டாட்டம். இரண்டாந் திகதி கடன்.”

பிறகு உரோமாபுரிக்குப் போவார். புறச்சமயத்தார் எல்லாத் தேவர்களுக்குமாகக் கட்டிய பந்தியோனை, 609 அளவில் நான்காம் போனிபாஸ் பாப்பரசர் மாதாவுக்கும் எல்லா வேதசாட்சிகளுக்கும் என்று மாற்றி அபிஷேகம் செய்தார். அது ஒரு மே 13. “இடிக்கேல்லை, பேரைத்தான் மாத்தினவர்” என்று ஒருதரம் நிறுத்துவார். “1621இல் நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடிச்ச போர்த்துக்கேயரும் சரித்திரம் படிச்சிருக்கலாம்.” கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில், சிலுவைக்குக் கீழே நின்று அதைச் சொல்ல அவரால்தான் முடியும். எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார் அர்ச்சிஷ்ட இராயப்பர் (பேதுரு) தேவாலயத்தில் சகல அர்ச்சிஷ்டவர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835இல் நான்காம் கிரகோரியார் நவம்பர் 1ஐ எங்கும் பரப்பினார். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடும்.

மிச்ச முப்பத்தைந்து நிமிடமும் ஒடிலோவுக்கு. பிரான்சில் பேர்கண்டி, அங்கே குளுனி மடம். அதன் ஐந்தாம் மடாதிபதி ஒடிலோ, 998 அளவில், தன் மடங்கள் எல்லாவற்றிலும் நவம்பர் முதலாந் திகதி மாலைச் செபம் முடிந்ததும் துக்கமணி அடிக்கவேண்டும், இறந்த எல்லாருக்காகவும் மன்றாட வேண்டும், மறுநாள் பூசை வைத்து ஏழைகளுக்குத் தருமம் கொடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். மடத்துக்கு மட்டும் போட்ட சட்டம்தான் மெல்ல மெல்ல மேற்குத் திருச்சபை முழுவதற்கும் பரவியது.

அதற்கு ஒரு கதையும் உண்டு. எருசலேம் யாத்திரை போய்த் திரும்பிய ஒருவனின் கப்பல் புயலில் ஒரு தீவில் ஒதுங்கியது. அங்கே தனியாக இருந்த துறவி, அவனுக்குப் பாறை வெடிப்பு ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதற்குள்ளிருந்து ஆத்துமாக்களின் முனகல் கேட்கும். கூடவே பேய்களின் முறைப்பாடும் கேட்கும். குளுனித் துறவிகள் செபித்துச் செபித்து எங்கள் ஆட்களைப் பறித்துக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் முறைப்பாடு. மாஸ்டர் அந்தப் பேய்களுக்குக் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரின் குரலைக் கொடுப்பார். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நாங்கள் சிரித்தோம்.

மணி அடிக்கும் நேரத்தில் மற்றவற்றை அள்ளி எறிவார். இறந்த போர்வீரருக்குப் பாவப் பரிகாரப் பலி கொடுக்க யூதா மக்கபே இரண்டாயிரம் வெள்ளித் திராக்மா சேர்த்தனுப்பியதை எழுதிய புத்தகம் “மற்றப் பள்ளிக்கூடக்காரரின்ரை வேதாகமத்தில இல்லை”. புரட்டஸ்தாந்தரைத்தான் சொல்லுவார். லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டுக்கு எதிராகக் கிளம்பியதும் இதே ஒக்டோபர் 31இல், 1517இல். இரண்டாந் திகதி ஒரு குரு மூன்று பூசை வைக்கும் வழக்கம் வலென்சியாவின் தோமினிக்கன் துறவிகளிடம் தொடங்கி, 1748இல் ஸ்பானியா, போர்த்துக்கல் தேசங்களுக்குப் போய், 1915இல் எல்லாக் குருக்களுக்கும் வந்தது. “ஏன் 1915?” என்று கேட்பார். ஒருவரும் சொல்லமாட்டோம். “மகா யுத்தம், பிள்ளையள். செத்தவை கூட, பூசை காணாது.”

சரி, இவ்வளவும் நான் கற்றது ஒரு சைவப் பிள்ளையாக. வடமராட்சியில் இருந்து கொண்டுவந்து விடுதியில் விட்டார்கள். அப்பா 1965இல் போனவர். எங்களுக்கு ஆடி அமாவாசை. கீரிமலையில் முழுகி, தண்ணீர் விட்டு, வீட்டில் காத்தோட்டிக்காயோடு படைத்துச் சாப்பிடுவோம். அப்பாவின் சாம்பல் அந்தக் கடலில்தான் கரைந்தது. அவருக்கென்று ஒரு சாண் நிலம் எங்கும் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை, கத்தோலிக்கரைப் புதைக்கும் சேமக்காலையைக் காணும்வரை.

இரண்டாம் திகதி பின்னேரம் விடுதிப் பொடியள் சேமக்காலைக்கு இரட்டை வரிசையில் போவது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் சைவப் பொடியள் போகத் தேவையில்லை. ஆனால் போகாதவர்களுக்கு ஸ்டடி. ஆகவே எல்லாரும் பக்தர். காலையில் கோயில் நடுவில் கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெட்டி, சுற்றிவர ஆறு மெழுகுதிரி. லத்தீன் குறைந்துகொண்டு வந்த காலம், இறந்தோர் பூசையின் ‘தியேஸ் ஈரே’ பாட்டு மட்டும் இன்னும் போகவில்லை. பெரிய அண்ணன்மார் இன்னொரு கதையும் சொல்லுவார்கள். அன்று கோயிலுக்குள் போய் ஆறு பரலோக மந்திரம், ஆறு பிரியதத்தம், ஆறு திரித்துவத் துதி சொன்னால் ஓர் ஆத்துமாவுக்குப் பூரண பலன், அதன் தண்டனை முழுக்கத் தீரும். வெளியே வந்து திரும்பப் போனால் இன்னோர் ஆத்துமா. அவர்கள் வாசற்படியில் ஏறி இறங்கி ஸ்கோர் வைத்தார்களாம். 1967இல் பாப்பரசர் அதை நாளுக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டதால் எங்கள் செற்றுக்கு அந்த விளையாட்டு இல்லாமல் போயிற்று.

1968இல் நான் எட்டாம் வகுப்பு. மழை விட்டுவிட்டுத் தூறியது. மெழுகுதிரிகளைச் சிரட்டைக்குள் வைத்துக் கொளுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு குடும்பம் இருந்தது. பூக்கள், சாம்பிராணி, அழுகை, அதற்குள் யாரோ கச்சான் கொறிக்கும் சத்தம். மூலையில் பிரெஞ்சுச் சுவாமிமாரின் கல்லறைகள். அமலமரித் தியாகிகள் என்ற அவர்களுடைய துறவற சபை 1847இல் இலங்கைக்கு வந்தது முதல் எத்தனையோ பேர் அந்த மண்ணிலேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்கு இனசனம் இல்லையென்று பள்ளிக்கூடம் ஆளுக்கொரு மெழுகுதிரி வைக்கும். அதில் ஒன்றை நான் எடுத்தேன். மதில் பக்கம் பெயரில்லாத ஒரு மண்மேடு இருந்தது. சிலுவைகூடச் சரிந்து கிடந்தது. அதில் கொண்டுபோய் நட்டேன். அப்பாவுக்கு என்று நினைத்துத்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் திருநீறு பூசுவதுபோல நெற்றியைத் தடவிக்கொண்டேன்.

யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அவர் இந்த மலரை வாசிப்பார், போகட்டும்.

மறுநாள் இரவு ஸ்டடியில் மாஸ்டர் என்னை வாங்கில் மேல் ஏற்றினார். கையில் ஒரு மெழுகுதிரியைத் தந்தார், கொளுத்தாமல். “ஒடிலோ ஆத்துமாக்களுக்குக் குடுத்ததை, இவர் ஆத்துமாக்களிட்டைக் களவெடுக்கிறார்” என்றார். நல்ல வசனம். மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஒன்பது மணி வரைக்கும் நின்றேன். கடைசியில் எல்லாரும் போன பிறகு கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், “ஆருக்கடா கொளுத்தினனீர்?” என்று கேட்டார். ‘டா’வும் ‘நீரும்’ ஒரே வாக்கியத்தில் வந்தால் மனுசன் தடுமாறுகிறார் என்று அர்த்தம். அது இப்போதுதான் விளங்குகிறது. அன்றைக்கு, “சும்மா, சேர்” என்றேன்.

அன்று முதல் நான் ‘மெழுகுதிரி’. போன வருட ஒன்றுகூடலிலும் ஒருவர் தன் பேரப்பிள்ளைக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார்.

அடுத்த வருடம் 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அப்போதைய முறைப்படி ஆத்துமாக்கள் நாள் திங்களுக்குத் தள்ளிப்போனது. ஞாயிறுக்குப் பதிலாக, பௌத்தரின் போயா நாளுக்கு விடுமுறை விட்ட காலம் அது. எந்த நாள் என்ன நாள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அதற்கு முந்திய கிழமை மாஸ்டர் விறாந்தையில் என்னை மறித்து, “உம்முடைய தகப்பனாரின் பேர் என்ன?” என்றார். எப்படி அறிந்தார் என்று நான் கேட்கவில்லை. சொன்னேன். சட்டைப் பையில் இருந்த துண்டில் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை பூசையில் இறந்தவர்களின் பட்டியல் வாசித்தார்கள். அந்தோனிகள், சவரிமுத்துகள், யுவானிகள் வரிசையாக வந்தார்கள். நடுவில் முருகனின் பேர் ஒன்று. வாசித்த சுவாமி அதில் ஒரு கணம் தடக்கினார். பின்வாங்கில் இருந்து யாரோ ‘மெழுகுதிரி’ என்று கிசுகிசுத்தார்கள். எனக்குக் காது சுட்டது. உள்ளுக்குள் என்னவோ குளிர்ந்தும் போனது.

லீவில் வீட்டுக்குப் போனபோது இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவ சுளகைக் கீழே வைத்தா. “கொப்பரை வேதத்தில சேர்த்துப்போட்டாங்களோ? பிறகு ஆடி அமாவாசைக்கு நீ ஆருக்குத் தண்ணி விடப்போறாய்?” அன்று முழுக்க அவ சாப்பிடவில்லை. போய் அந்தப் பேரை வெட்டச் சொல்லு என்றா.

போனேன். “சேர், அம்மாவுக்கு விருப்பமில்லையாம்” என்றேன். எனக்கும் விருப்பமில்லை என்பதுபோல முகத்தை வைத்திருந்தேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது. மாஸ்டர் மேசை லாச்சியைத் திறந்தார், கொப்பியை எடுத்தார், அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு கீறினார். “அம்மா சொல்லுறது சரி. நான் கேட்டிட்டுச் செய்திருக்கவேணும்” என்றார். ஒரு வாத்தியார் பிழையை ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் காணவில்லை. நான் வாங்கில் மேல் நின்றதைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

1984இல் நாட்டை விட்டு வந்தேன். சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்கள் பட்டியலில் நானும் ஒருவன். அவருடைய ஒழுங்கை வழியாகத்தான் சைக்கிளில் போனேன். படலை திறந்திருந்தது. இறங்கவில்லை.

1995இன் கடைசியில், எப்படியோ என் விலாசம் தேடி, அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொப்பி ஒற்றையில், நெருக்கி எழுதியது. ஒக்டோபர் 30 அன்று, யுத்தம் நெருங்க, வலிகாமம் முழுக்கக் கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்களில் சிலர் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றவர்கள். மாஸ்டர் அதைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்து இரண்டாம் திகதி வந்ததாம். சேமக்காலையில் அன்று ஒரு மனுசர் இருந்திருக்க மாட்டார்கள், தனக்குத் தெரிந்து இதுவே முதல்தரம் என்று எழுதியிருந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாராம். “எல்லாருக்குமாக ஒன்று. ஒடிலோவும் அப்படித்தானே தொடங்கினவர்.” கீழே, பின்குறிப்பாக: மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது, நூலால் கட்டியிருக்கிறேன், அங்கே ஒரு சட்டம் மலிவாகக் கிடைத்தால் பார்க்கவும், அவசரமில்லை.

அவசரமில்லை என்று எழுதியிருந்தார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பனிக்காலம், இரண்டு வேலை, வீட்டுக் கடன். பிறகு தபால் போகாத காலம். பிறகு பதில் எழுத வெட்கம். முப்பது வருடம்.

இந்த வருடமும் 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இப்போதெல்லாம் அதைத் தள்ளிவைப்பதில்லை, ஞாயிறிலேயே வைத்துக்கொள்கிறார்கள். இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவதும் அன்றுதான். நேரத்தோடு எழும்பிப் பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். கறுப்புப் பெட்டியும் இல்லை, தியேஸ் ஈரேயும் இல்லை. வாசலில் இருந்த பெண்ணிடம், இறந்தவர் பட்டியலில் ஒரு பேர் சேர்க்கவேண்டும் என்றேன். பட்டியல் போன ஞாயிறோடு மூடியாயிற்று, அடுத்த வருடம் கட்டாயம் என்றா. மிக அன்பாகத்தான் சொன்னா. பின்வரிசையில் இருந்து முழுப் பட்டியலையும் கேட்டேன். ஒரு பேரும் தெரியாது.

அடக்கத்தின் வீடியோ இன்னும் கைபேசியில் கிடக்கிறது. பெட்டியை மூடுவதற்கு முன் கமராக்காரர் கிட்டப் போகிறார். படம் அந்த இடத்திலும் ஒருதரம் நின்றது. சேர் கண்ணாடியோடுதான் கிடந்தார். தங்க நிறச் சட்டம், இரண்டு காலும் இருந்தன. யார் வாங்கிக் கொடுத்தார்களோ தெரியாது.